இடிக்கச் சொன்ன நான்கு தூண்கள்

போன மாதம் மட்டக்களப்பில் கட்டடப் படம் வரையும் இளையவர்கள் சிலர் ஒரு சிறிய கூட்டம் வைத்து, என்னையும் அழைத்திருந்தார்கள். கணினித் திரையில் தூண்களை வரிசையாகக் காட்டினார்கள். தொட்டால் ஒரு தூண் வந்து நிற்கிறது. இழுத்தால் உயர்கிறது, அழுத்தினால் பருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒருவர் எழுந்து, "மிஸ், நீங்க இத்தின வருசத்துல எத்தின தூண் வரைஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

எண்ணியதில்லை என்றேன். ஆனால் என் வாயால் இடிக்கச் சொன்ன தூண்கள் எத்தனை என்று தெரியும், நான்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றுபோனது. அங்கே சொல்லாமல் விட்டதை எழுதிக் கொடுக்கும்படி பிறகு கேட்டார்கள்.

நான் கல்லடியில் பிறந்து, கொழும்பில் கட்டடக்கலை படித்து, திரும்பவும் கல்லடிக்கே வந்தவள். படித்த ஐந்து வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடியும் கொங்கிறீட்டும் நேர்கோடும் படிப்பித்தார்கள். கிரேக்கரும் ரோமரும் கட்டிய தூண்கள், அவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் ஐரோப்பியர் கட்டிய மாளிகைகள் எல்லாம் வரலாற்றுப் பாடத்தில் ஒரே தவணையில் முடிந்துபோயின. நியோகிளாசிக்கல் என்ற சொல்லைப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன். அதுவே என் தொழிலாகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்படி ஆனதற்குக் காரணம் ஒஸ்வல்ட் சேர். நகரத்தில் ஒரு பெண்ணைக் கட்டட வேலைக்கு எடுக்க ஆயத்தமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். வாவியைப் பார்த்த மாடியில் இரண்டு அறைகள்தான் அவருடைய அலுவலகம். அவருக்குத் தெரிந்த கட்டடக்கலை தூண்முறைதான். பாடசாலை மண்டபம் கேட்டாலும் வைத்தியருடைய வீடு கேட்டாலும், தூணின் அடி விட்டத்தை முதலில் முடிவு செய்வார். கதவு, யன்னல், படி, கூரை எல்லாவற்றையும் அந்த விட்டத்தின் மடங்குகளாகவே கணக்கிட்டு வரைவார்.

அவர் ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை. நான் வரைந்த படத்தை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் பாரம் வைப்பார். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, தனக்குப் பிடிக்காத இடத்தை மூடிவிடுவார். மூடிவிட்டு எழுந்து யன்னலடிக்குப் போய்விடுவார். நான் படத்தைப் பார்க்க வேண்டும். மூடிய இடம் இல்லாமலும் படம் சரியாக இருந்தால், அந்த இடம் தேவையில்லை. மூடியதால் படம் கெட்டுப்போனால், "சேர், அது வேணும்" என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதத்தில் நான் ஒருமுறைதான், ஒரு யன்னலுக்காக, அப்படிச் சொன்னேன். "அப்ப இருக்கட்டும், யோகா" என்று கூட்டை எடுத்துக்கொண்டார். அந்த யன்னல் இன்னும் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறது.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு விஷயத்தை வேறு எங்கேயும் நான் வாசித்ததில்லை. வாவிக்கரையில் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் வரும். கூரை விளிம்பின் அடிப்பக்கம் பகல் முழுக்க வெளிச்சமாகவே இருக்கும். அதனால் நிழற்கோடு விழாது. கொழும்பில் மூன்று அங்குலம் வெளியே நீட்டினால் போதுமான விளிம்பை, இங்கே ஐந்து அங்குலம் நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்டடம் வெள்ளைக் கடுதாசி மாதிரித் தெரியும். இதை நிரூபிக்க அவர் என்னை ஒரு தோணியில் ஏற்றி, வாவி நடுவில் அரைமணி நேரம் வெயிலில் வைத்திருந்தார். தோணிக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்தது, தூண் நேராக இருக்கக்கூடாது என்பது. நேராகக் கட்டிய தூண் கண்ணுக்கு நடுவில் ஒடுங்கியதுபோல் தெரியும். ஆகவே அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்வரை ஒரே பருமன். அதற்கு மேல் மெல்ல மெல்ல ஒடுங்கி, உச்சியில் அடிப்பருமனின் ஆறில் ஐந்து பங்காக வேண்டும். அந்த வளைவை மேசையில் வரைந்தால் மேசனுக்குப் பயன்படாது. வேலை நடக்கும் இடத்தில், நிலத்தில், முழு அளவில் கரியால் கீறி, அதன்படி ஒரு பலகையை வெட்டிக் கொடுக்க வேண்டும். மேசன் செங்கல்லால் தூணைக் கட்டி, சாந்து பூசும்போது அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி இழுப்பார். அப்போதுதான் வளைவு பிழைக்காமல் வரும்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண மண்டபத்துக்கு முதன்முதலாக அந்தப் பலகையை நானே வெட்டுவித்துக் கொடுத்தேன். மேசன் கணபதிப்பிள்ளை. அப்போது முப்பது வயதிருக்கும். கைவேலை நன்றாகத் தெரிந்தவர். சொல்வதைத் தன் புத்தியில் போட்டுப் பார்த்துத்தான் செய்வார். இரண்டு நாள் கழித்துப் போனபோது ஒரு தூண் பூசி முடிந்திருந்தது. அடி மெலிந்து, மேலே பருத்து நின்றது. பலகையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

"மேசன், இது மாறிப்போச்சு" என்றேன்.

"மாறல்ல புள்ள. நீங்கதான் மாறிக் கீறியிரிக்கிங்க எண்டு நான் திருத்தின. பாரம் மேலதானே கிடக்கு? மேல பருத்திருந்தாத்தானே தாங்கும்?"

விட்டம், விகிதம் என்று நான் சொன்னது ஒன்றும் எடுபடவில்லை. அடுத்தநாள் ஒஸ்வல்ட் சேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தூணை ஒருமுறை சுற்றி வந்தார். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "கணபதிப்பிள்ள, காலைச் சேத்து வெச்சிட்டு நில்லுங்க பாப்பம்" என்றார். அவர் நின்றார். சேர் தோளில் விரலால் மெல்லத் தட்டினார், ஆள் ஆடிப்போனார். "இப்ப அகட்டி நில்லுங்க." திரும்பவும் தட்டினார். ஆடவில்லை.

கணபதிப்பிள்ளை கொஞ்சநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி சேர், விளங்கிட்டு" என்று சொல்லி, யாரும் கேட்காமலே உளியை எடுத்துப் பூச்சைக் கொத்தத் தொடங்கினார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை என் தூண்களை அவர்தான் கட்டினார்.

பிறகு சண்டைக் காலம். தூண் கேட்டு யாரும் வரவில்லை. எரிந்த பாடசாலைகளுக்கு ஓடு போடவும், விழுந்த சுவரை நிமிர்த்தவும் படம் வரைந்தோம். சுனாமிக்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே அளவில், ஒரே கதவோடு வீடுகள் வரைந்தேன். என் சொந்த வீடும் அதில் ஒன்று. ஒஸ்வல்ட் சேர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். மாடியில் இருந்த இரண்டு அறைகளும் என் பெயருக்கு வந்தன.

தூண்கள் திரும்பி வந்தது மத்தியகிழக்கிலிருந்து. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருந்து வேலைக்குப் போனவர்கள், அங்கே பார்த்த முகப்புகளின் படங்களை அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்றார்கள். தூண்முறை தெரிந்தவர் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தொழிலில் சிலர் என்னைப் பரிகாசம் செய்தார்கள். வெயில் நாட்டுக்குக் கிரேக்கத் தூண் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் நேரடியாகவே கேட்டார்கள். வெயில் நாட்டில்தான் அது பிறந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஜுனைதீனுடைய வேலை அப்படி வந்ததுதான். காத்தான்குடி ஆள். கட்டாரில் ஒரு பெரிய கட்டடத்தில் காவல் வேலை, பதினெட்டு வருஷம். அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததில்லை. போனில் பேசிப் பழக்கம். அலுவலகத்துக்கு வந்தவர்கள் அவருடைய மனைவி நஜீமாவும் மகள் ரிஸ்னாவும். எங்கள் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்ததும் புது வீடு மகளுக்கும் மருமகனுக்கும். தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். காணி உறுதிப் பத்திரமும் ரிஸ்னாவின் பெயரில்தான் இருந்தது.

நஜீமா ஒரு படத்தை மேசையில் வைத்தா. அந்தக் கட்டார்க் கட்டடத்தின் முகப்பு. ஆறு தூண்கள், உச்சியில் சுருள் தலைகள், மேலே முக்கோண முகப்பு. "இதேதான் வேணுமாம் மிஸ். ஒண்டும் குறையாம."

"காணி பத்துப் பேர்ச்சஸ்தான். அந்த அகலத்துக்கு ஆறு தூண் நிக்காது" என்றேன். அன்று மத்தியானம் ஜுனைதீனே போன் எடுத்தார்.

"எத்தின நிக்கும் மிஸ்?"

"நாலு."

"நாலெண்டா நாலு. ஆனா அதே தூணா இரிக்கோணும்."

ரிஸ்னா பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தா. படத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பின்னால வீடு எங்க மிஸ் வரும்?" என்று மட்டும் கேட்டா. வாடிக்கையாளர் கேட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

பன்னிரண்டடி உயரத் தூண். சுருள் தலை வகைக்கு உயரம் விட்டத்தின் ஒன்பது மடங்கு. ஆகவே பதினாறு அங்குல விட்டம். சுவரிலிருந்து தூணின் வெளிப்பக்கம்வரை நாலடி ஆழத்தில் ஒரு முன்மண்டபம். இவ்வளவும் சரி. பிழை விட்டது வேறிடத்தில்.

காணியை அளக்கப் போனது மார்கழி மழைக்குள். காணிக்கு முன்னால் போகும் சிறு தெருவான ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். வீதியோரக் கட்டடங்களுக்கு நகரசபை ஒரு எல்லைக்கோடு வைத்திருக்கிறது. அதை வீதியின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். அன்று நடுவும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை. பக்கத்து வளவு மதில் பழையது, நேராக நின்றது. அதுதான் கோடு என்று எடுத்துக்கொண்டேன். குறிப்புப் புத்தகத்தில் 'வெள்ளம் வற்றியபின் மறுபடி அளக்க' என்று எழுதினேன். வெள்ளம் வற்றியது. நான் அளக்கவில்லை. வேறு வேலைகள் வந்தன என்று சொல்லலாம். ஆனால் உண்மை அதுவல்ல. அந்த மதில்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கும்போது நாலு தூணும் நின்றன. கணபதிப்பிள்ளை சுருள் தலைகளை ஏற்றிவிட்டார். அவர் அதை ஆட்டுக்கொம்பு என்பார். முக்கோண முகப்பும் முடிந்திருந்தது. ஒழுங்கையால் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். வழக்கப்படி சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட வந்தார். அளவு நாடாவை இரண்டுமுறை இழுத்தார். பிறகு நாடாவை என்னிடம் நீட்டினார்.

"மிஸ், நீங்களே ஒருக்கா அளந்து பாருங்க."

அளந்தேன். தூணின் முகம் கோட்டுக்கு வெளியே மூன்றடி நின்றது. வீட்டுச் சுவர் மட்டும் கோட்டுக்குள் ஒரு அடி தள்ளி இருந்தது. பக்கத்து மதில், இந்த விதி வருமுன் கட்டியது.

"உங்கட படத்துல பிழை வந்து நான் இண்டைக்குத்தான் காண்றன்" என்றார். குரலில் கோபம் இல்லை. எழுத்தில் அறிவிக்கப் பத்து நாள் ஆகும், அதற்குள் என்ன செய்வதென்று சொல்லுங்கள் என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அந்தப் பின்னேரம் அலுவலகத்தில் இருந்து சபைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த முன்மண்டபம் வெயிலுக்குப் போட்ட தற்காலிக அமைப்பு, தேவைப்பட்டால் கழற்றி எடுக்கலாம் என்று. பதினாறு அங்குலத் தூணைக் கழற்றி எடுக்கலாமென்று எழுதினேன். முப்பது வருஷத்துக்கு மேல் என் கையெழுத்து இட்ட படம் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர் கெடக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எழுதி முடித்து வாசித்தேன். பிறகு கிழித்தேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்தநாள் காலை காத்தான்குடிக்குப் போய், நஜீமாவையும் ரிஸ்னாவையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது, இடித்துக் கட்டும் செலவும் என்னுடையது என்றேன்.

நஜீமா தலைச்சீலையின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதா. "அல்லாவே, ஊரே பாத்திட்டுதே மிஸ். மாப்பிள்ள வீட்டு ஆக்களும் வந்து பாத்திட்டுப் போயிட்டாங்க. இனி ஒடச்சா என்னெண்டு சொல்லுவாங்க?" கண்ணைத் துடைத்துவிட்டு, "என்ட தம்பிக்கு ஆக்களத் தெரியும். ஒருத்தரப் புடிச்சிக் கதச்சா விட்டிருவாங்கதானே?" என்றா.

"விடக்கூடும்" என்றேன். அது உண்மைதான்.

ரிஸ்னா, "மிஸ், பிறகொருக்கா ஒழுங்கைய அகட்டினா அப்ப என்ன நடக்கும்?" என்று கேட்டா.

"தூணை எடுக்கச் சொல்லுவாங்க."

"ஆருக்குச் சொல்லுவாங்க?"

"உறுதி உங்கட பேரில. உங்களுக்குத்தான்."

அவ தாயின் பக்கம் திரும்பினா. "பாத்தீங்களா உம்மா? நோட்டிஸ் என்ட பேருக்கு வரும். வாப்பா கட்டாருல இரிப்பாரு. நீங்க பின்வளவுல இரிப்பீங்க. அப்ப எனக்குப் புள்ள குட்டி இரிக்கும். அதுகள உள்ளுக்கு வெச்சிட்டு நான் முன்வாசல ஒடைக்கோணும். மாமா புடிக்கிற ஆள் அப்ப இரிப்பானா? இப்பவே ஒடைங்க மிஸ்."

"வாப்பாக்கு ஆரு சொல்ற?" என்று நஜீமா கேட்டா.

"நான் சொல்றன்" என்றேன். அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, போன் எடுத்தேன்.

ஜுனைதீன் முகம் தெரியும்படி, வீடியோவில்தான் எடுத்தார். சீருடையில் இருந்தார். பின்னால் வெள்ளைத் தூண் ஒன்றின் பாதி தெரிந்தது. நான் சொல்வது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"நாலும் போகுதா மிஸ்?"

"போற இல்ல. பின்னுக்கு இழுத்துச் சுவரோட சேக்கலாம். சுவருக்குள்ள பாதி, வெளிய பாதி. முன்னால பாத்தா தூண்தான் தெரியும். ஆனா தூணுக்குப் பின்னால இடம் இருக்காது."

அவர் யாரோ வருவதுபோல் பக்கத்தில் பார்த்தார். "நான் அங்க நிண்டு பாத்துக் கட்டின ஆள் இல்ல மிஸ். நீங்க பாத்துச் செய்ங்க" என்றார். திரை கறுத்தது. அதற்குப் பிறகு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

கணபதிப்பிள்ளைக்குச் சொன்னபோது அவர் ஏணியில் நின்று முகப்பின் கீழ் விளிம்பைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். இறங்கி வந்தார். "இந்த நாலும் நான் கட்டினதுக்குள்ள நல்லது மிஸ்" என்றார்.

"தெரியும்."

"பலகையும் நேராத்தான் புடிச்ச நான்."

"ஓம். பிழை என்ட."

"ஆட்டுக்கொம்ப மட்டும் ஒடைக்க மாட்டன்" என்றார். சொன்னபடி எட்டுப் பேரை வைத்து, கயிறு கட்டி, நாலு சுருள் தலைகளையும் முழுதாக இறக்கி வைக்கோலில் படுக்க வைத்தார். ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதினார். மீதியைச் சம்மட்டியால் அடித்தார்கள். இரண்டு நாள். முதல்நாள் ஒழுங்கையில் ஆட்கள் கூடினார்கள். ஒருவர் என்னைக் காட்டி மற்றவரிடம் ஏதோ சொன்னார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். ஊர்வாய்க்குப் பயமில்லை என்று காட்டுவதற்காக அல்ல. முன்மண்டபத்தைச் சுவரோடு பிணைத்த கம்பியை வெட்டும்போது வீட்டுச் சுவரில் வெடிப்பு வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

சுவரோடு சேர்ந்த தூணை வரைவது முழுத்தூணை வரைவதைவிடக் கடினம். சரிபாதியை வெளியே விட்டால் பார்வைக்குத் தட்டையாகிவிடும். பாதிக்கு மேல் கொஞ்சமாவது வெளியே வர வேண்டும். அப்போதுதான் கண் மீதியையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். எனக்கு இருந்தது சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரேயொரு அடி. தூண் ஒன்பது அங்குலம், அடிப்பீடம் மேலும் மூன்று. ஒரு நூலும் மிஞ்சவில்லை. வாவி வெளிச்சத்துக்காக மேல் விளிம்பை நீட்ட இடமில்லாததால், தூணின் இரு பக்கத்திலும் சுவரை இரண்டு அங்குலம் ஆழமாகக் கொத்தி எடுக்கச் சொன்னேன். நிழல் அங்கே விழுந்தது. இம்முறை வீதியின் நடுவை மூன்றுநாள், மூன்று தரம் அளந்தேன். மூன்றாம் தரம் சபை உத்தியோகத்தரும் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். படிகள் மட்டும் கோட்டுக்கு வெளியே நிற்கலாம் என்று விதியிலேயே இருந்தது.

சுருள் தலைகளின் பின்பக்கத்தைக் கணபதிப்பிள்ளை தானே அரிந்தார். மற்ற யாரையும் தொடவிடவில்லை. நாலையும் ஏற்றி முடித்து, சாரத்தைக் கழற்றியபோது கலியாணத்துக்கு ஆறு நாள் இருந்தது.

ஜுனைதீன் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. நஜீமா போன் எடுத்து, "வந்திட்டாரு மிஸ். பயணப் பேக்கக்கூட இறக்கல்ல, ஒழுங்கையில நிக்காரு" என்றா. உடனே போனேன். நான் நினைத்ததைவிட உயரமானவர். முதுகு வளையாமல் நின்றார். எனக்கு ஸலாம் சொன்னார். பிறகு படியேறி, வலது பக்கத்துத் தூணடிக்குப் போய், தூணும் சுவரும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். நான் பின்னால் நின்றேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று வந்திருந்தேன்.

"அங்க இந்தத் தூணுக்குப் பின்னால ஒரு நிழல் இரிக்கி மிஸ்" என்றார். "பகல் பன்னெண்டு மணிக்கும் வெயில் அடிக்காது. அதுக்குள்ளதான் நான் இரிந்து காவல் பாக்கிற கதிர."

"எனக்குத் தெரியாது. படத்தில காணல்ல."

"படத்துல விழாது. படம் எடுக்கக்குள்ள எங்கள ஒழும்பிப் போகச் சொல்லுவாங்க, கதிரயோட."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு மாசமா உங்கட போன எடுக்கல்ல நான். கோவம்தான். ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரயில இரிந்துக்கிட்டு யோசிச்ச. என்ட வீட்டுல இந்த இடம் இல்லாமப் போச்சே எண்டு." அவர் தூணையும் சுவரையும் திரும்பவும் பார்த்தார். "இப்ப வந்து பாக்கக்குள்ளதான் விளங்குது. இந்த இடத்துல ஆரு இரிக்கிற? காவல்காரன்தானே இரிக்கிற? என்ட புள்ளட வாசலுக்குக் காவல்காரன் எதுக்கு?"

சொல்லிவிட்டு முன்கதவின் இரண்டு பக்கத்தையும் தள்ளித் திறந்தார். திறந்து, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, நிமிர்ந்து, ஓரமாக நின்றார். நான் உள்ளே போவதற்காக. நான் போகவில்லை. பிறகு அவர் தன் கையைப் பார்த்தார், கதவை விட்டார், செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

உள்ளே ரிஸ்னா யாருக்கோ சொல்லுவது கேட்டது: "வாப்பா வாறாரு. கதிரய நடுவுல எடுத்துப் போடுங்க."